எண்பத்தெட்டு டெராபைட்

கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் ஹரிஷும் ரூபாவும் படுக்கிறார்கள். இன்னொன்றில் ஹார்ட் டிஸ்க்குகள் இருக்கின்றன. அந்த இரண்டாவது அறைக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து, தொட்டில் மாட்டக் கூரையில் கொக்கி போட்டிருந்தார்கள். இப்போது கொக்கியில் கேபிள் சுருள் தொங்குகிறது. வேறு எதற்காகவும் அதை மாட்டவில்லை. கொக்கி இருந்தது, கேபிளும் இருந்தது, அவ்வளவுதான்.

கீழே ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியில் அவன் அப்பா ஜம்புலிங்கத்தின் கடை. ஆணி, குழாய், பெயின்ட், தாழ்ப்பாள். ஹரிஷ் முன்பு பெங்களூரில் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ முகம் தெரியாதவர்களின் சர்வர்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று விடியும்வரை பார்க்கிற வேலை. குழந்தை போன பிறகு ஒருநாள் சாயங்கால ரயிலுக்குக் கிளம்பியவன் ஸ்டேஷன் வரை போய்த் திரும்பி வந்தான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மறுநாள் கடையில் உட்கார்ந்து ஆணி நிறுத்தான். டிஸ்க் வாங்க ஆரம்பித்ததும் அந்தச் சமயத்தில்தான்.

அவனைப் போன்றவர்களுக்கென்று டெலிகிராமில் ஒரு குழு உண்டு. வீட்டிலேயே சர்வர் வைத்து, கிடைத்ததையெல்லாம் சேர்த்து வைக்கிற ஆட்கள். தமிழும் கன்னடமும் இங்கிலீஷும் கலந்து பேசுவார்கள். பெங்களூர் விநாயக் என்பவன் அதை நடத்துகிறான். ஆளை யாரும் நேரில் பார்த்ததில்லை. வருஷத்துக்கு ஒருமுறை அவன் ஒரே ஒரு கேள்வி போடுவான்: உங்களிடம் எத்தனை டெராபைட்? ஒரு டெராபைட் என்றால் ஆயிரம் ஜிபி. அன்றைக்குக் குழு கல்யாண வீடு மாதிரி இருக்கும். நாலு, பன்னிரண்டு, முப்பது என்று பதில்கள் வந்து விழும். மொத்தத்தை மட்டும் சொல்லிவிட்டு நகர முடியாது. எல்லாவற்றையும் இரண்டு மூன்று நகல் வைப்பதால், நகல் போக நிஜமாய் எவ்வளவு என்று எவனாவது கேட்பான். சொல்லத் தெரியாவிட்டால் கிண்டல்.

இந்த வருஷம் ஹரிஷ் எண்பத்தெட்டு என்று போட்டான். நகல் போக இருபத்தாறு. கோலார் தங்கவயலில் இவ்வளவா என்று ஒருவன் கேட்டான். தங்கம் தீர்ந்துபோச்சு, டிஸ்க் கிடைச்சுது என்று இன்னொருவன் எழுதினான். அதற்கு நாற்பது பேர் சிரித்தார்கள். ஹரிஷ் சிரிக்கவில்லை, ஆனால் இரண்டு தடவை படித்தான்.

"உள்ள இன்னாதான்டா கீது?" என்று ஜம்புலிங்கம் ஒருநாள் மாடிக்கு வந்து கேட்டார். மின்விசிறிகளின் சத்தத்தில் சற்றுக் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"எல்லாம் கீதுப்பா. படம், பாட்டு, புஸ்தகம், ரயில் வீடியோ."

"ரயிலா? ரயிலுதான் தெனம் இங்கயே வந்து போவுதே."

"இது வேற ஊரு ரயிலு."

"எப்போ பாப்ப இத்தயெல்லாம்?"

அவர் அறைக்குள் ஒருமுறை கையை நீட்டி, "நல்லா சூடா கீது. வடகம் காய வெக்கலாம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரூபா பேத்தமங்களாவிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் கணக்கு டீச்சர். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. கூட வேலை செய்கிற சோனியாவுக்குக் குழந்தை பிறந்திருந்தது, பார்த்துவிட்டு வந்தாள். கால் கழுவினாள். சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, கையைத் துடைத்தபடியே சொன்னாள்.

"இன்னாங்க, அந்த வீடியோவப் போடுங்க."

"எந்த வீடியோ?"

கேட்கும்போதே அவனுக்குத் தெரியும்.

"பாப்பா வீடியோ."

மூன்று வருஷத்துக்கு முன்னால் கோலாரில் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். ரூபாவுக்கு பிரஷர் ஏறி வலிப்பு வந்ததால் அவளை ஒரு மாடியில் போட்டார்கள். குறைமாதமாய்ப் பிறந்த குழந்தையை இன்னொரு மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். ஒன்றரை நாள் இருந்தது. ரூபா கண் விழித்தபோது எல்லாம் முடிந்து, பெரியவர்கள் அடக்கத்துக்கு எடுத்துக்கொண்டும் போய்விட்டார்கள். அவள் அதைப் பார்க்கவே இல்லை. ஹரிஷ் போனில் எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னபோது, "இப்போ வேணாம். வெச்சிருங்க. நானே கேப்பேன்" என்றாள்.

"பத்திரமா கீது" என்று அவன் சொன்னான். அதன்பிறகு அவள் கேட்கவில்லை. அவனும் திறந்து பார்க்கவில்லை.

இப்போது கேட்டுவிட்டாள். அவன் அடுத்த அறைக்குப் போய் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். இடம் நன்றாகத் தெரியும். 'டெம்ப்' என்ற ஃபோல்டருக்குள் வைத்திருந்தான். திறந்தான். காலி. பெயரைக் கொடுத்துத் தேடினான். எண்பத்தெட்டு டெராபைட்டையும் துழாவிவிட்டு, ஒன்றுமில்லை என்றது.

நடந்தது என்னவென்று கண்டுபிடிக்க அவனுக்கு அதிக நேரம் ஆகவில்லை. அந்த வேலையில் அவன் கெட்டிக்காரன்.

வீட்டு டிவி அவன் சர்வரோடு இணைந்தது. சும்மா இருக்கும்போது, போன வருஷம் இதே நாள், அதற்கு முந்தைய வருஷம் இதே நாள் என்று படங்களைத் தானாகவே எடுத்துக் காட்டும். ரூபா காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது ஒருநாள் அந்தக் கண்ணாடிப் பெட்டி திரையில் வந்து நின்றால் என்ன ஆகும் என்று அவன் பயந்தான். வீடியோவைச் சர்வரில் ஏற்றிய கையோடு போனிலிருந்து அதை அழித்தான். போனும் அதே மாதிரி எடுத்துக் காட்டக்கூடியதுதான். சர்வரிலும் அன்றைக்கே டிவி எட்டிப் பார்க்காத ஒரே இடமான டெம்ப்பில் போட்டான். டெம்ப் என்பது குப்பைக்கான இடம். பாதியில் நின்ற டவுன்லோட், அன்றைக்கே அழிக்க வேண்டிய சில்லறை எல்லாம் அங்கேதான் கிடக்கும். அதனால் தினமும் நகல் எடுக்கிற புரோகிராமும் டெம்ப்பைத் தொடாது. அந்த விதியை எழுதியதும் அவன்தான். எழுதி ரொம்ப நாள் ஆகியிருந்தது. வீடியோவை நகர்த்தியபோது நினைவுக்கு வரவில்லை.

போன மழைக்காலத்தில் டெம்ப் இருந்த டிஸ்க் செத்தது. புது டிஸ்க் போட்டு, நகலிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினான். 'ஒரு பைட் கூட இழக்கவில்லை' என்று குழுவில் எழுதினான். விநாயக் கைதட்டும் படம் போட்டான்.

செத்த டிஸ்க்கை இந்தக் கூட்டத்தார் அப்படியே ஸ்க்ராப்பில் போட மாட்டார்கள். உள்ளே இருப்பதை எவனாவது தோண்டி எடுத்துவிடுவான் என்று துளை போட்டுவிடுவார்கள். துளையோடு படம் எடுத்துக் குழுவில் போடுவதும் வழக்கம். ஹரிஷும் கடையிலிருந்த டிரில்லிங் மெஷினால் மூன்று துளை போட்டான். சுத்தமான துளைகள். படமும் போட்டான்.

அவன் எழுந்து வந்து, "ஆஸ்டின் வீட்ல ஒரு காப்பி கீது. எடுத்துகினு வந்துடறேன்" என்றான்.

"சரி. நான் டிவிய ரெடி பண்ணி வெக்கிறேன்."

ஆஸ்டின் ஸ்கெலட்டன் என்ற குடியிருப்பில் இருக்கிறான். சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய பழைய மைனிங் லைன் வீடு. தாத்தா காலத்து ஒரே அறைக்கு முன்னால் தகரம் இழுத்து இரண்டு அறையாக்கியிருக்கிறான். ஒரு ஃபாக்டரியில் கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன். அவனும் குழுவில் உண்டு, முப்பத்தாறு டெராபைட். வீடு எரிந்தாலும் சொத்து மிஞ்ச வேண்டும் என்பதற்காக, ஹரிஷின் நகல் ஒன்று ஆஸ்டின் வீட்டிலும், ஆஸ்டினின் நகல் ஒன்று ஹரிஷ் வீட்டிலும் இருக்கும். ஆஸ்டினின் மனைவி ஐடா ஹரிஷின் டிஸ்க் பெட்டியை மச்சினன் என்பாள். வேலை செய்யாமல் வீட்டில் உட்கார்ந்து கரண்ட் தின்கிறதாம்.

"வாடா. சண்டே பிரியாணி வாசனை ராபர்ட்சன்பேட்ட வரிக்கும் வந்துச்சா?" என்றான் ஆஸ்டின்.

"என் டிஸ்க்க பாக்கணும்."

"இன்னாத்துக்கு? மச்சினன் நல்லாத்தான் கீறான். காலைலகூட ஐடா திட்டினா."

"பாக்கணும்டா."

ஆஸ்டின் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டான். ஹரிஷ் தேடினான். இல்லை என்று தெரிந்தேதான் தேடினான். அதே புரோகிராம், அதே விதி. வேறு ஊர் ரயில்கள் எல்லாம் அங்கே ஒழுங்காக வரிசையில் இருந்தன.

"இன்னா போச்சு?"

"ஒரு ஃபைலு."

"அதானா? திரும்ப டவுன்லோட் பண்ணிக்க."

"நான் எடுத்தது. வேற எங்கயும் கெடைக்காது."

"அந்தச் செத்த டிஸ்க்க பெங்களூருக்கு அனுப்பிப் பாரு. செத்ததுலருந்தும் எடுத்துக் குடுக்கறாங்களாம்."

"ஓட்ட போட்டோமே."

"ஆமால்ல." ஆஸ்டின் தன் கைகளைப் பார்த்தான். "நான்தானே புடிச்சிகினேன்."

என்ன ஃபைல் என்று ஆஸ்டின் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஹரிஷ் சொல்லியிருக்க மாட்டான். ஐடா தட்டில் பிரியாணி போட்டுக்கொண்டு வந்து, "சாப்ட்டுப் போ அண்ணா" என்றாள். அவன் சாப்பிட்டான். நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் போட்டார்கள், அதையும் சாப்பிட்டான். கை கழுவிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தான். மூடிக்கிடக்கும் மைசூர் மைன்ஸ் சுரங்கத்தைத் தாண்டும்போது பெட்ரோல் போட வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது.

வழியில் ஒரு பொய் தயாராகத்தான் இருந்தது. காப்பி சிதைந்துவிட்டது, சரிசெய்ய ஆள் இருக்கிறான், கொஞ்ச நாள் ஆகும். அவள் கம்ப்யூட்டர் தெரியாதவள் இல்லை, ஆனால் நம்புவாள். இன்னும் மூன்று வருஷம் காத்திருப்பாள்.

வீட்டில் ரூபா தலையை வாரிப் பின்னியிருந்தாள். ஜன்னலை மூடியிருந்தாள். டிவி நீலமாக எரிந்தது. கட்டிலில் ஒரு பக்கமாக உட்கார்ந்து, அவனுக்கு இடம் விட்டிருந்தாள். "மாமாகிட்ட யாரும் மேல வரவேணான்னு சொல்லிட்டேன்" என்றாள்.

"இல்ல ரூபா."

"இன்னா இல்ல?"

"வீடியோ போயிடுச்சு. அந்த டிஸ்க்கு செத்துப்போச்சு."

"எல்லாத்துக்கும் மூணு காப்பி வெப்பீங்களே."

"இதுக்கு மட்டும் வெக்கல."

அவள் டிவியை அணைத்தாள். "ஏன்?"

டிவியைப் பற்றியும் டெம்ப்பைப் பற்றியும் துளைகளைப் பற்றியும் வரிசையாகச் சொன்னான். ஒரு வாடிக்கையாளருக்குக் குழாய் ஏன் ஒழுகுகிறது என்று விளக்குகிற குரலில்தான் சொன்னான். வேறு குரல் வரவில்லை.

"நான் பாத்துடுவேன்னு ஒளிச்சீங்களா?"

"ஆமா."

"நான் தெனமும்தான் பாத்துகினு கீறேன்" என்றாள் ரூபா. "மூஞ்சி மட்டும் இல்லாம."

அவன் நின்றுகொண்டே இருந்தான். உட்காரச் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தான். சொல்லவில்லை.

"எவ்ளோ நேரத்து வீடியோ?"

"ரெண்டு நிமிஷம் இருக்கும். அதுக்கு மேல போன்ல எடம் இல்லன்னு வந்து நின்னுடுச்சு. நான் பழசெல்லாம் டெலீட் பண்ணிகினு இருந்தேன். தலையத் தூக்கினா, நர்ஸு திரைய இழுத்துட்டாங்க. அப்புறம் உள்ள விடல."

இதை அவன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"கண்ணு தொறந்து இருந்தாளா?"

ஆமாம் என்று சொல்லலாம். சரிபார்க்க இனி எதுவும் இல்லை. உன்னை மாதிரியே பெரிய கண் என்று சொல்லலாம். அவள் வாழ்க்கை முழுக்க அதை வைத்துக்கொள்வாள்.

"தெரியல" என்றான். "நான் போனைத்தான் பாத்துகினு இருந்தேன்."

"தெரிஞ்சத சொல்லுங்க."

அவன் யோசித்தான். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று அவனே பார்த்ததில்லை.

"எடது கால்ல வெள்ள பிளாஸ்டர் ஒட்டியிருந்துச்சு. அந்தக் கால ஒதச்சிகினே இருந்தா. வலது காது மேல்பக்கம் மடிஞ்சிருந்துச்சு. முடி நெறய. ஈரமா இருந்த மாதிரி நெத்தியில ஒட்டிகினு இருந்துச்சு. ஒருதரம் கொட்டாவி விட்டா."

"கொட்டாவியா?"

"ஆமா. அது நல்லா ஞாபகம் கீது. அப்போ போன் கொஞ்சம் ஆடிச்சு."

"வேற?"

"அவ்ளோதான்."

ரூபா சுவர் பக்கம் திரும்பிப் படுத்தாள். அழுகிறாளா என்று பார்த்தான். அழவில்லை. மூச்சு சீராக வந்தது. கீழே ஜம்புலிங்கம் யாரோ ஒருவனிடம் அரை இஞ்ச் குழாய் இல்லை, முக்கால் இஞ்ச்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"திரும்பச் சொல்லுங்க" என்றாள்.

அவன் திரும்பச் சொன்னான். இடது கால், பிளாஸ்டர், காது, முடி, கொட்டாவி. நடுவில் கை விரல்களைப் பற்றி ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அது பார்த்ததா, இப்போது தோன்றியதா என்று தெரியவில்லை. விட்டுவிட்டான்.

"நாளைக்கும் கேப்பேன்" என்றாள் ரூபா, சுவரைப் பார்த்தபடியே. "மாத்தாம சொல்லணும்."

"சரி" என்றான்.