வாசலுக்கு மேலே சோலார்

குவாரிக்குப் பின்னால் எங்கள் லைனில் பதினான்கு வீடுகள். கரண்ட் கம்பி மெயின் ரோட்டோடு நின்றுவிட்டது. அதனால் சோலார் விளக்கு குறைந்த விலைக்கு வந்ததும் பதினான்கு பேரும் வாங்கினோம்.

விற்க வந்த மெக்கானிக் அம்மா, வெயில் வாங்கும் பலகையை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார். நாங்கள் அப்போது விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் வீட்டுக்காரரான குவாரி மேஸ்திரி தன் பலகையை வாசலுக்கு மேலே, காலண்டர் மாட்டுவதுபோல் நிமிர்த்தி ஆணியடித்தார். மேஸ்திரி செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று மற்ற பதிமூன்று பேரும் அப்படியே அடித்தோம். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வாசல் வடக்கே பார்த்தது. வெயில் அந்தப் பக்கம் வருவதில்லை.

விளக்கு அரை மணி நேரம் எரிந்தது. மற்றவர்களுக்கு அது போதும். என் மனைவிக்குப் போதாது.

அவளும் என்னோடு ஜல்லி உடைப்பவள். வலது மணிக்கட்டு வீங்கி, இப்போது சோற்றுப் பானையை இரண்டு கையால் இறக்குகிறாள். டவுன் லாட்ஜ் ஒன்றில் அறுபது தலையணை உறை தைக்கக் கேட்டிருந்தார்கள். சனிக்கிழமை கொடுத்துவிட்டால் மாதாமாதம் வேலை, ஜல்லியை விட்டுவிடலாம். இல்லையென்றால் அதே சுத்தியல்தான். புதன்கிழமை வரை பதினோரு உறை முடிந்திருந்தது.

அன்று மெக்கானிக் அம்மா வந்தார். வாசலைப் பார்த்தார். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார்.

"என்னங்க இது, கடை போர்டா?"

"எல்லாரும் இப்படித்தான் மாட்டியிருக்கோம்" என்றேன்.

"அதான் தெரியுதே. பின்னாடி கூரை மேல சாய்ச்சு வைங்க. தெற்கே பார்த்து."

அவர் போனதும் பக்கத்து வீட்டிலிருந்து மச்சான் வந்தான். என் மனைவியின் தம்பி.

"மாமா, பின்னாடி வச்சா யாருக்குத் தெரியும்? வித்துட்டாங்கன்னு பேசுவாங்க."

எனக்கும் அதேதான் தோன்றியது. அந்த ஆணிக்கு உயரம் பார்க்கவே எனக்கு அரைநாள் ஆகியிருந்தது.

"டேய், உறை தைக்கப்போறது நானா, தெருவா?" என்றாள் அவள் உள்ளேயிருந்து.

"அதுக்கில்லக்கா, மானம்னு ஒண்ணு..."

"அதை நீ உன் வாசல்ல மாட்டிக்கோ."

மச்சான் போய்விட்டான். நான் ஏணியை எடுத்தேன்.

வியாழனும் வெள்ளியும் மாலையில் விளக்கு நாலு மணி நேரம் எரிந்தது. தையல் மெஷின் சத்தத்தில் மச்சான் வீட்டில் யாரும் தூங்கவில்லை என்று கேள்வி. சனிக்கிழமை லாட்ஜ்காரர் அறுபது உறைகளையும் எண்ணினார். இரண்டில் தையல் கோணல் என்றார். பிறகு அடுத்த மாதத்துக்கு நூறு என்றார்.

திங்கட்கிழமை நான் தனியாக வேலைக்குப் போனேன்.

"சம்சாரம் எங்கய்யா?" என்றார் மேஸ்திரி.

"இனிமே தையல்தாங்க. பலகையைப் பின்னாடி திருப்பி வச்சதுல வெளிச்சம் நிக்குது. நீங்களும் வச்சுப் பாருங்க."

மேஸ்திரி கொஞ்சம் யோசித்தார்.

"நமக்கு எதுக்கு? சாப்பிட்டா தூக்கந்தானே."

அவளுடைய சுத்தியலை குவாரி ஸ்டோரில் திருப்பிக் கொடுத்தேன். ஸ்டோர்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கைப்பிடியை இப்படியா தேய்ப்பார்கள் என்று திட்டினார்.