ஆயரின் முகம் எந்தப் பக்கம்

“ஐயா, மன்றாட்டு சொல்லும்போது எங்க பக்கம் திரும்பி நில்லுங்க. எங்கப்பாவுக்கு உங்க முகம் வேணும்.”

எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்டுத் தொலைக்காதே என்று தாய் வாயிற்படியில் மறித்து நின்று வேண்டியிருந்தாள்; ஆலயத்தின் உடைமாற்றும் அறைக்குள் அடியெடுத்து வைத்த கையோடு, அதையே மகள் கேட்டுவிட்டாள்.

புகைபோக்கிகளின் இடையே சாய்ந்திறங்கிய கதிரவன், பட்டறைகளின் தகரக் கூரைகளைச் செம்பொன்னாய் உருக்கி, நெருங்கி நின்ற சிறுவீடுகளின் சாளரந்தோறும் ஒளியேற்றி, மேட்டின்மேல் தனித்தோங்கிய ஆலயத்தின் வண்ணக் கண்ணாடிகளில் நுழைந்து, நாளைய வழிபாட்டிற்கெனத் துடைத்து வைத்த வெற்றிருக்கைகளின்மேல் நீலமும் சிவப்புமாய்ச் சிந்திக் கிடந்த மாலைப்பொழுது அது, படிப்போரே. ஆயர் பித்தளை விளக்குத்தண்டில் உறைந்திருந்த மெழுகைச் சிறுகத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார். அவர் முழங்கையருகே ஒரு தாள் கிடந்தது. ஆலயப் பள்ளியில் அவளை ஆசிரியையாய் அமர்த்தும் ஆணை அது. அவர் கையொப்பம் ஒன்றே குறை. அக்குடியில் பட்டம் பெற்ற முதல் பிள்ளை அவள்.

அவள் தந்தை கொதிகலன் பட்டறையில் இரும்புத் தகடுகளை இணைக்கும் தறையாணியை முப்பதாண்டு அடித்தவர். இரும்புக் கூட்டின் வயிற்றுக்குள் குந்தியிருந்து அடித்த ஒவ்வோர் அடியும் அவர் செவியிலிருந்து ஓர் ஒலியைத் திருடிச் சென்றது. பறவையொலி முதலில் போயிற்று, மனைவியின் குரல் கடைசியில் போயிற்று. எஞ்சியது அவர் குரல் மட்டுமே. அதன் முழக்கத்தால் உடன் உழைப்போர் அவரை ‘வெண்கலம்’ என்றழைத்தனர். பிறர் உதட்டசைவைப் பார்த்தே பேச்சறியப் பழகியிருந்த அவருக்கு, முன்னிருந்த ஆயர் மக்களை நோக்கி நின்று வேண்டிய காலம்வரை குறையொன்றுமில்லை. புதிய ஆயரோ வந்த நாள்முதல் பீடத்தை நோக்கியே நின்றார். ஆறு திங்களாய் வெண்கலத்தார் கண்டதெல்லாம் ஒரு வெள்ளங்கியின் முதுகும், நன்கு மழித்த ஒரு பிடரியும்தாம்.

சென்ற ஞாயிறன்று, இறந்தோரை எண்ணி அனைவரும் வாய்மூடி நின்ற அமைதியின் நடுவே, மன்றாட்டு முடிந்ததென்று எண்ணி அவர் “ஆமென்!” என்று முழங்கிவிட்டார். பிள்ளைகள் சிரித்தனர், பெரியோர் சிரிப்பை இருமலாக்கினர். வீடு திரும்பியதும் காலணியைக் கழற்றிக்கொண்டே, “இனி நான் வரலம்மா. அங்க எனக்கு என்ன வேலை?” என்றார். பட்டறைக்குப் போகாத நாளுண்டு, ஆலயத்திற்குப் போகாத ஞாயிறு இல்லை என்றிருந்த மனிதர்.

ஆயர் கத்தியை வைத்தார். சினந்தாரில்லை. “நான் உங்களுக்கு முதுகு காட்டலம்மா. உங்களோட சேர்ந்து ஒரே பக்கம் பாக்கிறேன். வழிபாடு கடவுளுக்கு. மேடைப்பேச்சா இது, ஆளுங்களைப் பாத்து நடத்த?”

அச்சொல்லில் அழகிருந்தது, அவள் நெஞ்சும் ஒருகணம் அதற்கு வணங்கியது. அதனாலேயே சினம் மூண்டது.

“கடவுளுக்கு மட்டும்தான்னா, அந்த ஒலிபெருக்கி எதுக்கு ஐயா? அவருக்கும் எங்கப்பா மாதிரி காது போச்சா?”

ஆயர் தம்மை மறந்து சிரித்துவிட்டார். “வாய் இருக்கு உனக்கு. சரி, மன்றாட்டைப் பெரிய எழுத்துல அடிச்சுக் கொடுக்கச் சொல்றேன்.”

“அவருக்கு எழுத்து தெரியாது. உதடு மட்டும்தான் படிப்பாரு.”

“அப்போ எல்லாரும் போனப்புறம் இங்க கூட்டிட்டு வா. அவருக்குன்னு தனியா, முகத்தைப் பாத்துச் சொல்றேன்.”

“எல்லாரும் சாப்பிட்டு எழுந்தப்புறம் ஓரமா ஒரு தட்டா? அவருக்குத் தனியா வேண்டத் தெரியாம இல்ல ஐயா. எல்லாரோடவும் சேர்ந்து ஆமென் சொல்லணும், சரியான இடத்துல. அவ்வளவுதான்.”

ஆயர் மெழுகுத் துணுக்குகளை விரலால் ஒதுக்கினார். “ஒருத்தருக்காக முறையை மாத்த முடியாதும்மா.”

“மாத்த வேணாம். நாளைக்கு அவர் முதல் வரிசைல உக்காருவாரு. நான் அவர் முன்னாடி நின்னு நீங்க சொல்ற ஒவ்வொரு சொல்லையும் வாயசைச்சுக் காட்டுவேன்.”

“பீடத்துக்கு முதுகு காட்டிக்கிட்டா?”

“ஆமா.”

அவர் பார்வை தாளின்மேல் சென்று மீண்டது. “அப்புறம் இதுல நான் கையெழுத்துப் போட்டா சபை என்னைச் சும்மா விடாது. யோசிச்சுச் சொல்லு.”

“யோசிச்சுட்டுத்தான் வந்தேன் ஐயா. பொண்ணு கேக்காமச் செஞ்சான்னு நாளைக்கு யாரும் எங்கம்மாவைப் பேசக்கூடாது. அதுக்குத்தான் கேட்டேன்.”

தாளை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நீண்ட நடுவழியே நடந்து, கனத்த கதவைத் தோளால் தள்ளி வெளியேறினாள். வழிபாடு விண்ணவனுக்கோ, வந்தமர்ந்தோர்க்கோ, இன்னும் வாராதார்க்கோ என்று கற்றோர் காலமெல்லாம் வழக்காடுவர், வழக்காடட்டும். பட்டறைத் தெருவில் இறங்கிச் சென்றவள், நாளைய மன்றாட்டின் முதல் வரியை ஒலியேதுமின்றி, ஒவ்வோர் எழுத்தாய் உதட்டில் விரித்துப் பழகிக்கொண்டே போனாள். தனக்குள் யாரையோ வைகிறாள் என்றெண்ணி எதிர்வந்தோர் ஒதுங்கி வழிவிட்டனர்.