மூன்று தண்ணீர் கண்ட கோட்டு

“என் கோட்டை என்னடி செஞ்சே?”

டாக்டர் கில்கிறிஸ்ட் போட்ட கூச்சலில் எடின்பரோ நகரமே அதிர்ந்திருக்கும். பதினோரு நாளுக்கு முன் கைப்பிடித்த மனைவி எஃபி மட்டும் அசையவில்லை.

“துவைச்சேன். மூணு தண்ணி மாத்தினேன். கசாப்புக் கடைக்காரன்கூட அதைப் போட மாட்டான்.”

கில்கிறிஸ்ட் தலையில் கை வைத்தார். பதினான்கு வருட ரத்தம்! கழற்றி வைத்தால் தானாக நிற்கும் கோட்டு. கோட்டின் விறைப்பை வைத்துத்தான் சர்ஜனின் அனுபவத்தை அளந்த காலம் அது. அதுவும் இன்றைக்கு! தலைமை சர்ஜன் பதவிக்கு அவருக்கும் மக்ளேவுக்கும் போட்டி. ஆளுக்கொரு நோயாளி. மயக்க மருந்து இல்லாத காலமாதலால், யார் சீக்கிரம் அறுக்கிறாரோ அவருக்குப் பதவி.

வேறு வழியில்லை. பளபளவென்று அறுவை அரங்கில் போய் நின்றார். படிக்கட்டு பெஞ்சுகளில் கடிகாரமும் கையுமாக உட்கார்ந்திருந்த மாணவர்கள் ஊளையிட்டார்கள்.

“புதுமாப்பிள்ளை, சர்ச் அந்தப் பக்கம்!” என்றார் மக்ளே. அவர் கோட்டு கருவாடு போல விறைத்திருந்தது.

அதற்குள் ஒரு நோயாளி ஜன்னல் வழியே ஓடிவிட்டான். மிச்சம், விரல் அழுகிய மீன்காரி மிசஸ் ஃப்ளக்கர் மட்டும்.

“யார் வெட்டணும்னு நீயே சொல்லும்மா” என்றார் மருத்துவமனைத் தலைவர்.

அவள் மக்ளேயை மோந்து பார்த்தாள். “இந்த ஆள் பத்து நாள் பழைய மீன். சுத்தமா இருக்காரே, அவரே வெட்டட்டும். ஏன் டாக்டரே, உங்க கையில யாரும் செத்ததில்லைதானே?”

ஆமாம் என்றால் பதவி. ஆனால் கில்கிறிஸ்ட்டுக்குப் பொய் வரவில்லை.

“செத்திருக்காங்கம்மா. பொழைச்சவங்க அதிகம். கோட்டு சுத்தமா இருக்குன்னா, என் பொண்டாட்டி நேத்து துவைச்சுத் தொலைச்சுட்டா.”

மிசஸ் ஃப்ளக்கர் வெடித்துச் சிரித்தாள். அரங்கமே சிரித்தது. மக்ளேகூட வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

சிரிப்பு அடங்குமுன் விரல் வாளியில் கிடந்தது.

“அடப்பாவி! சொல்லிட்டு வெட்டக் கூடாதா?”

“சொன்னா கையை இழுத்திருப்பீங்களேம்மா!”

தலைவர் பேனாவை எடுத்தார். “எத்தனை செகண்டு?”

மாணவர்கள் திருதிருவென்று விழித்தார்கள். சிரித்த மும்முரத்தில் ஒருவனும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

“நேரமே இல்லை, பதவியும் இல்லை!” என்று குதித்தார் மக்ளே.

“நான் சிரிச்சு முடிக்கலையே, அதுக்குள்ள வெட்டிட்டாரே! அதை எழுதுங்க” என்றாள் மிசஸ் ஃப்ளக்கர், மறு கையால் மேஜையைத் தட்டி.

தலைவர் யோசித்தார். பிறகு கில்கிறிஸ்ட்டின் பெயருக்கு எதிரே எழுதினார்: “அரைச் சிரிப்பு.”