வெளியிடலாம்

இருபத்திரண்டு வருடமாகச் சட்டமன்றத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் உறுப்பினர் இல்லை, சுருக்கெழுத்தாளர். கத்துகிறவர், கொட்டாவிக்கு நடுவே பேசுகிறவர் எல்லோரையும் குனிந்த தலை நிமிராமல் எழுதுவேன். பத்து நிமிடத்துக்கு ஒருவர் மாறுவோம். வெளியே வந்ததும், எழுதியதை விரித்துத் தட்டச்சு செய்ய வேண்டும்.

அன்றைக்கு நச்சுக்கழிவு மசோதா. ஒவ்வொரு ஆலையும் எந்த விஷத்தை எவ்வளவு வெளியே விட்டது என்று, பழைய வருடங்களையும் சேர்த்து, ஜனங்களுக்கு 'வெளியிட வேண்டும்' என்பது ஒரு கட்சி. 'வெளியிடலாம்' என்று இருந்தால் போதும் என்பது இன்னொரு கட்சி. காலையிலிருந்து இதே சண்டைதான்.

என் வீட்டுக்காரர் பெயிண்ட் ஆலையில் கலவைத் தொட்டி பார்த்தவர். நாலு வருடத்துக்கு முன் படுத்த படுக்கையானார். "வேலையில எதைத் தொட்டாருன்னு தெரிஞ்சா மருந்து மாத்திப் பாக்கலாம்மா" என்றார் டாக்டர். ஆலைக்கு ஓடினேன். "அது கம்பெனி ரகசியம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். ஆறே மாதத்தில் இவர் போய்ச் சேர்ந்தார். பிள்ளை குட்டி கிடையாது. ஒருத்திக்குச் சமைத்து, ஒருத்தியாகச் சாப்பிடுகிறேன். அது என்ன விஷம் என்று தெரிந்து இனி என்ன ஆகப்போகிறது என்பீர்கள். ஒன்றும் ஆகாது. எதைத் திட்டுவது என்றாவது எனக்குத் தெரிய வேண்டாமா?

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாக்கறீங்க!" என்று ஓர் அம்மாள் எழுந்து கத்தினார்.

"எல்லாத்தையும் சொன்னா ஜனங்க பயந்துடுவாங்க" என்றார் எதிரே இருந்தவர். அடப்பாவி, செத்தவன் எங்கே பயப்படுவான் என்று நினைத்துக்கொண்டே அதையும் எழுதினேன்.

என் முறையில்தான் அமைச்சர் பதில் சொல்ல எழுந்தார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அவர். வழவழா கொழகொழா என்று எட்டு நிமிடம் பேசிவிட்டு, "பழைய விவரங்களையும் ஆலைகள் ஜனங்களுக்கு வெளியிட" என்று இழுத்தபோதே மேஜைகளைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். வால் வார்த்தை சத்தத்தில் அமுங்கியது. என் பென்சில் நிற்கவில்லை. அப்பாடா என்று எழுந்து வந்தேன். நாலு வருடத்தில் அன்றைக்குத்தான் சந்தோஷமாக இருந்தேன்.

சரிபார்க்கும் அதிகாரி ஒலிப்பதிவைக் கேட்டபடி என் தாளைப் படித்தார். இந்தப் பிரிவுக்கு வந்து இரண்டு வருடமாக எனக்குப் பக்கத்து மேஜைக்காரர்.

"என்னம்மா இது, 'வெளியிட வேண்டும்'னு அடிச்சிருக்கீங்க? 'லாம்'னுல்ல சொல்றாரு?"

"இருக்காது சார்."

ஹெட்போனைக் கழற்றி நீட்டினார். மேஜைச் சத்தத்துக்கு அடியில், தெளிவாக, 'லாம்'. என் நோட்டைப் புரட்டினேன். 'வேண்டும்' என்று சுருக்கெழுத்தில் அழகாகக் கிடந்தது. காது கேட்காததை மனசு எழுதியிருக்கிறது. எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய தப்பு கிடையாது.

"யானைக்கும் அடி சறுக்கும், விடுங்க" என்று சிரித்தார். "உடம்பு சரியில்லையா?"

"வீட்டுக்காரர் நெனப்பு வந்துடுச்சு சார்."

"ஊருக்குப் போயிருக்காரா?"

"இறந்து மூணரை வருஷமாச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு வார்த்தை சொல்லலையேம்மா!"

"நீங்க கேக்கலையே சார்."

ஹெட்போனைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே கேட்டேன்: "'லாம்'னா, அவங்க சொல்லாமலும் இருக்கலாமா?"

"அதுக்குத்தானேம்மா 'லாம்'." பேனாவை எடுத்தார். "குடுங்க, நானே திருத்திடறேன்."

"வேணாம் சார். எழுதினவங்கதான் திருத்தணும்."

'வேண்டும்' என்பதைக் கோடு போட்டு அடித்தேன். மேலே 'லாம்' என்று எழுதினேன். தாளின் அடியில் வழக்கம்போல 'அவையில் பேசியபடியே எழுதப்பட்டது' என்று அச்சடித்திருந்தது. அதன் கீழே கையெழுத்துப் போட்டேன்.