மைக் இருந்த இடம்

அண்ணி பின்வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். முந்தின இரவு தூக்கத்திலேயே போய்விட்ட அண்ணன் கூடத்தில் கிடக்கிறார். இவள் வெளியே கிளம்புகிறாள். அதுவும் பின்வாசல் வழியாக. அண்ணனின் தங்கை பின்னாலேயே ஓடி வந்தாள்.

“எங்க அண்ணி?”

“இதோ வந்துடறேன். புள்ள ஏர்போர்ட்லேர்ந்து வர்றதுக்குள்ள வந்துடுவேன்.”

தெருமுனையில் ஒரு கார் நின்றது. உள்ளே வழுக்கைத் தலை பளபளத்தது. மொட்டை! அண்ணன் எலெக்ட்ரிக் கிதார் வாசிக்கும் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு செய்பவன். காலையில் துக்கம் கேட்க வந்தவன், துக்கம் கேட்டதைவிட அண்ணியின் காதில் குசுகுசுத்ததுதான் அதிகம்.

இது இன்று முளைத்த சந்தேகம் அல்ல. ஒரு வருடமாக அண்ணி தினமும் அண்ணனோடு ஸ்டுடியோவுக்குப் போகிறாள். ஆசையாக வளர்த்த நகங்களை ஒட்ட வெட்டிவிட்டாள். ஏன் என்று கேட்டால் சிரிக்கிறாள். நெருப்பில்லாமல் புகையுமா?

“பெரியம்மா, இங்க பாத்துக்கோங்க. ரெண்டு பேரையும் கையும் களவுமா புடிச்சுட்டு வர்றேன்.”

பெரியம்மாவின் அழுகை சட்டென்று நின்றது. “போ போ, சீக்கிரம் போ!”

ஸ்டுடியோ வாசலில் டிரம்ஸ் பெட்டிகளோடு ஒரு இசைக்குழு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவர்களைத் தாண்டிக் கதவைத் தள்ளினாள்.

மொட்டை கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் தனியாக இருந்தான். அந்தப் பக்கம் அண்ணி. மடியில் அண்ணனின் கிதார். ஸ்பீக்கரில் வந்ததோ, அழுகைக்கு முன் தொண்டை கரகரப்பதுபோல் விளிம்பில் மட்டும் கரகரத்த அந்தச் சத்தம். எங்கண்ணன் கை பட்டால்தான் இது வரும் என்று தங்கை போகிற இடமெல்லாம் பெருமையடித்த சத்தம்.

“அவளுக்கு... வாசிக்கத் தெரியுமா?”

மொட்டை திரும்பவில்லை. “அண்ணனுக்கு இடது கை விரலெல்லாம் மரத்துப்போச்சு. ஒரு வருஷமா வாசிக்கிறது அவங்கதான்.”

“அப்ப எங்கண்ணன்?”

அவன் பக்கத்துச் சின்ன அறையைக் காட்டினான். கிதாரின் சத்தம் வெளிவரும் ஆம்ப் பெட்டி அங்கே. அதன் முன்னால், நடுவை விட்டு ஒதுங்கி, லேசாகச் சாய்ந்து ஒரு மைக்.

“அங்க மண்டி போட்டுக்கிட்டு, ஹெட்போன்ல கேட்டுக்கிட்டே மைக்கை இம்மி இம்மியா நகர்த்துவாரு. ஆம்ப்பைக் குறைப்பாரு, கரகரப்பைக் குறைப்பாரு, மறுபடி மைக்கு. அவங்க சலிக்காம அதே வரியை வாசிப்பாங்க. இந்தச் சத்தம் நேத்து சாயங்காலம் அவரு வச்சுட்டுப் போனது. பாட்டுல கடைசித் துண்டு பாக்கி. வெளியில இருக்கறவங்க வந்தா எல்லாத்தையும் நகர்த்திடுவாங்க.”

“போட்டோ புடிச்சு வச்சுக்கிட்டா?”

“பண்ணிப் பாத்தாச்சு. திரும்ப வச்சா, அது அவரு சத்தமா இருக்காது.”

“என்கிட்ட ஏன் யாரும் சொல்லல?”

“முக்கியமா உங்ககிட்டதான் சொல்லக் கூடாதுன்னாரு. ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரியுது, பாவம்னாரு.”

வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. கைப்பேசி அடித்தது. பெரியம்மா.

“புடிச்சியா?”

கண்ணாடிக்கு அப்பால் அண்ணி ஒரு இடத்தில் தடுமாறி, தலையை ஆட்டிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

“ஏன்டி பேச மாட்டேங்கற? ரெண்டு பேரும் அங்கதான இருக்காங்க?”

“ஆமா பெரியம்மா.”

“என்ன பண்றாங்க?”

“அண்ணன் விட்டுட்டுப் போன வேலை. முடிச்சுட்டு மூணு பேரும் வர்றோம்.”

வெளியே கதவு தட்டப்பட்டது. தங்கை போய் கதவுக்கு வெளியே நின்று, முதுகை அதில் சாய்த்துக்கொண்டாள்.

“அக்கா, இது எங்க டைம்.”

“தெரியும் தம்பி. கொஞ்சம் இருங்க.”

இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவர்களுடைய முணுமுணுப்பையெல்லாம் வாங்கிக்கொண்டாள். கடைசியில் கதவு உள்ளிருந்து திறந்தது. அண்ணியின் கண்கள் சிவந்திருந்தன. தங்கை ஏன் வந்தாள் என்று அவள் கேட்கவில்லை.

“புள்ள வந்துட்டானா?”

“இன்னும் இல்ல அண்ணி.”

குழுவினர் உள்ளே நுழைந்தார்கள். அவர்களில் தாடி வைத்த ஒருவன் சின்ன அறைக்குள் குனிந்து, மைக்கைப் பிடித்து, ஆம்ப் பெட்டியின் நடுவுக்கு நேராக வைத்தான்.