ஜெம்மாவின் விரல்பட்ட தீர்த்தம்

சாம்பே துறைமுகத்துக் கத்தோலிக்கக் கோயில் வாசலின் தீர்த்தத் தொட்டி ஜனவரி தொடங்கி மார்ச் பாதிவரை கல்லாக உறைந்து கிடக்கும். மீன்காரி ஜெம்மா விரல் வைத்தால் மட்டும் இளகி ஆவி விடும். 1968ஆம் ஆண்டுக் குளிரில் இது தொடங்கியது. அந்த வருடம் படகுக் கயிறுகள் கம்புபோல விறைத்து நின்றன, சந்தைக்குப் பின்னால் இரண்டு கிம்ச்சி ஊறுகாய் ஜாடிகள் வெடித்தன, தீர்த்தமும் இளகியது. ஊர் மூன்றையும் ஒரே மூச்சில் பேசி முடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனது. பங்குச்சாமியார் ரியூ, இதை அற்புதம் என்று மறைமாவட்ட ஆயருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். ஜெம்மா பூசைக்குப் பிந்தி வருவதையும் பிரசங்கத்தில் குறட்டை விடுவதையும் சேர்த்து எழுத வேண்டியிருக்குமே என்று பேனாவை மூடிவிட்டார். அவள் வந்து விரலை நனைத்துப் போனபின், ஐந்து 'அருள்நிறைந்த மரியே' ஜெபம் சொல்லும் நேரத்துக்குத் தண்ணீர் தண்ணீராக இருக்கும். அதற்குள் மற்றவர்கள் முண்டியடித்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்ளப் பழகினார்கள்.

தையல்காரர் மனைவி கொலும்பாவுக்கு மட்டும் அது பழகவில்லை. பதினெட்டுக் குளிர்காலமாக விடியலில் கோயில் கதவைத் திறப்பவள் அவள்தான். பீடத்துணிக்குக் கஞ்சி போடுவதும், தரை பெருக்குவதும், நோயாளி வீடுகளுக்கு ஜெபமாலை சொல்லப் போவதும் அவள்தான். தினமும் உறைந்த தொட்டியின்மேல் விரலை வைத்து, மரத்துப்போகும்வரை எடுக்காமல் நிற்பாள். பனிக்கட்டியில் ஒரு பொட்டு ஈரம்கூடக் கசியாது. ஒருமுறை வீட்டிலிருந்து கொதிக்கக் கொதிக்க ஒரு கெண்டி வெந்நீர் கொண்டுவந்து ஊற்றினாள். ஊற்றிய தாரை தொட்டியைத் தொடுவதற்குள் உறைந்து, வளைந்த கண்ணாடிக் கம்பிபோல மூன்று நாள் அப்படியே நின்றது. அன்றிலிருந்து ஜெம்மா இளக்கிய தீர்த்தத்தை அவள் தொடவில்லை. ஜனவரி, பிப்ரவரி முழுதும் காய்ந்த நெற்றியோடே பூசை கண்டாள்.

பதினோரு வாரம் தொடர்ந்து, ஜெம்மாமேல் பொறாமை என்ற ஒரே பாவத்தையே சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணினாள்.

"போன வாரமும் இதேதானே சொன்னீங்க?" என்றார் ரியூ சாமியார்.

"போன வாரத்தைவிட இப்ப அதிகமாயிருச்சு சாமி. அவ இருமுனாக்கூட எனக்குப் பத்திக்கிட்டு வருது."

சாமியார் வழக்கமான ஜெபங்களைக் கொடுக்கவில்லை. பிராயச்சித்தமாக, ஜெம்மா கடையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு மீன் வாங்கி வரச் சொன்னார்.

கொலும்பா போனாள். இரகசியத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற ஆசையும் இல்லாமல் இல்லை. காலை முதல் சாயங்காலம்வரை, கவிழ்த்துப் போட்ட பெட்டியின்மேல் உட்கார்ந்து கண்கொட்டாமல் பார்த்தாள். ஜெம்மா மியோங்தே மீனைக் கிழித்துக் குடல் எடுத்தாள், பனிக்கட்டித் தண்ணீரில் அலசினாள், பேரம் பேசியவளைக் கெட்ட வார்த்தையில் திட்டினாள், திட்டிவிட்டு அவளுக்கே ஒரு மீன் கூடுதலாகப் போட்டாள். பக்கவாதம் வந்து கிடக்கும் மாமியாருக்கு மதியம் ஓடிப்போய்த் துணி மாற்றிவிட்டு வந்தாள். கிழவி இன்றும் கையைக் கடித்துவிட்டாள் என்று சிரித்தாள். கையில் பல் பதிந்திருந்தது. அதைச் சுற்றிலும் குளிரில் வெடித்த வெடிப்பு. உள்ளே உப்பு ஏறிச் சிவந்திருந்தது.

பொறுக்கமாட்டாமல் கொலும்பா கேட்டாள். "அப்படி என்னதாண்டி பண்ற நீ? எங்கிட்டச் சொல்லிடேன்."

"மீன் கழுவுறேன்க்கா. பாத்துக்கிட்டுத்தானே இருக்கீங்க?"

"தெரியாத மாதிரி பேசாத."

ஜெம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "உண்மையைச் சொன்னா எனக்குத்தான் உங்க மேல பொறாமை. முழு ஜெபமாலையும் முழிச்சிருந்து சொல்றீங்க. நான் ரெண்டாம் தேவரகசியத்துலயே தூங்கிப்போறேன். அந்தத் தண்ணி எதுக்குச் சுடுதுன்னு எனக்கென்ன தெரியும்? இந்த வெடிப்புல பட்டா எரியுது, அதுதான் தெரியும்."

தன்மேல் பொறாமைப்பட ஒருத்தி இருக்கிறாள் என்பதைக் கொலும்பா எதிர்பார்க்கவில்லை. மூன்று மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த ஞாயிறு பூசை தொடங்கியபிறகும் அவள் வாசலில் தொட்டியருகிலேயே நின்றாள். ஜெம்மா வழக்கம்போலப் பிந்தி ஓடிவந்து, விரலை நனைத்து, எரிச்சலில் முகத்தைச் சுளித்தாள். அந்த ஈரத்தை வாங்கிக்கொள்ளக் கொலும்பா தன் விரலை நீட்டினாள்.

"மீன் நாத்தம் அடிக்கும்க்கா."

"அடிச்சா அடிக்கட்டும். தொடு."

பொறாமை அத்தோடு தீர்ந்தது என்று சொல்ல முடியாது. மூட்டுவலிபோல அது குளிருக்குக் குளிர் வந்துபோனது. வந்தபோதெல்லாம் கொலும்பா சந்தைக்குப் போய், முணுமுணுத்துக்கொண்டே ஜெம்மாவுக்குப் பாதிக் கூடை மீனைக் கிழித்துக் கொடுத்துவிட்டு வந்தாள். மாமியார்க் கிழவி அவளையும் இரண்டுமுறை கடித்தாள். ரியூ சாமியார் மாற்றலாகிப் போனார். துறைமுகத்தில் கான்கிரீட் சுவர் வந்தது. மியோங்தே மீன் குறைந்தது.

1989இல் இலையுதிர்காலத்தில் ஜெம்மா நுரையீரல் நோயில் இறந்தாள். உடலைக் குளிப்பாட்டியது கொலும்பா. அடுத்து வந்த ஜனவரியில் குழாய்கள் வெடித்தன, கரையோரக் கடலே ஒரு முழத்துக்கு உறைந்தது. தீர்த்தம் உறையவில்லை. யாரும் தொடாமலே இளஞ்சூடாக இருந்தது. அதற்குப் பின் எந்தக் குளிரிலும் அப்படியேதான். புதிதாக வந்த சாமியார் பராமரிப்புப் பதிவேட்டில் தொட்டிக்கு எதிரே "குறையில்லை" என்று எழுதிவைத்தார்.

தொட்டி உறையாததை முதன்முதலில் பார்த்தவள் விடியலில் கதவு திறந்த கொலும்பாதான். ஆவியைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தாள்.

"செத்தும் நீதாண்டி எனக்கு முந்தி வந்து நிக்கணும்" என்றாள். பிறகு விரலை முக்கி, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, விளக்கேற்றப் போனாள்.