நடக்கப் போயிருப்பான்

நடக்கப் போயிருப்பான் என்றுதானே நினைத்தேன், வேறென்ன நினைப்பேன். யாரிடமும் சொல்ல முடியாத இதை மறுபடியும் தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு, நாடீன் ரொட்டிக்குள் இறைச்சித் துண்டை வைத்து மூடினாள்.

அவள் கணவன் எவரெட்டின் அடக்கம் முடிந்து எல்லாரும் தேவாலயத்தின் கீழ்த்தளத்துக்கு வந்துவிட்டார்கள். அவள் தோளைத் தொட்டுவிட்டு உருளைக்கிழங்குத் தட்டின் பக்கம் நகர்ந்தார்கள்.

எவரெட்டின் தங்கை டார்லா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பிச்சுப் பிச்சு வைக்கிறே. வாயில ஒண்ணும் போகலையே."

"சாப்பிடறேன்."

"ஒரு நொடியில போயிட்டான். கஷ்டப்படல. அதுவே போதும்னு நினைச்சுக்கோ."

"டாக்டரும் அதான் சொன்னார்," என்றாள் நாடீன்.

எவரெட் காப்பீட்டுக் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்த்தான். இதயம் பலவீனமாக இருக்கிறது என்று டாக்டர் எச்சரித்த பிறகு தினமும் மத்தியானம் அரைமணி நேரம் நடப்பதென்று முடிவு செய்து, புது ஷூ கூட வாங்கினான். மத்தியானம் பார்த்துத்தான் யாராவது மீட்டிங் வைப்பார்கள். "நாளைக்குக் கண்டிப்பா," என்பான் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து. இந்தப் பக்கம் அவளும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, டாக்டர்கள் பேசிப் பதிந்ததைத் தட்டச்சு செய்துகொண்டிருப்பாள். அவன் நாற்காலி கிறீச்சிடுவதை வைத்துத்தான் வீட்டில் இன்னொரு ஆள் இருப்பதே தெரியும்.

வியாழக்கிழமை அந்தச் சத்தம் நின்றது. பனி உருகி, தெருவில் நல்ல வெயில். கடைசியில் கிளம்பிவிட்டான் என்று அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. மெதுவாக வரட்டும் என்று வேலையைத் தொடர்ந்தாள். வெளிச்சம் மங்கிய பிறகுதான் அந்த அறைக் கதவைத் திறந்தாள். அவன் நாற்காலியிலேயே சாய்ந்து கிடந்தான்.

ஏன் முன்னாலேயே திறக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்கலாம்.

எவரெட்டின் மேலாளர் கிர்க் காகிதப் பையோடு எதிரில் வந்து உட்கார்ந்தான். இரவெல்லாம் தூங்காத கண்கள்.

"நாடீன், ஆபீஸ்ல எல்லாரும் சேர்ந்து எவரெட் பேர்ல ஒரு நடை ஏற்பாடு பண்றோம். மே மாசம், ஏரியைச் சுத்தி."

பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து விரித்தான். அதில் எவரெட்டின் முகம். அடையாள அட்டைக்கு எடுத்த படம்.

"எங்கண்ணன் பேர்ல நடையா? அவன் ஓடி நான் பார்த்தது ஐஸ்க்ரீம் வண்டி பின்னாடிதான்!" டார்லா சிரித்தாள். சிரிப்பு முடியுமுன்பே அழுகை வந்துவிட்டது.

"இனிமே மத்தியானத்துல மீட்டிங்கே கிடையாதுன்னு சொல்லிட்டேன்," என்றான் கிர்க். "முன்னாடியே சொல்லியிருக்கணும்."

அவன்மேல் கோபம் வரும் என்று நாடீன் காத்திருந்தாள். வரவில்லை.

"நீங்க முதல்ல நடக்கணும். நாங்க எல்லாரும் பின்னாடி வர்றோம். அவரும் கூடவே நடக்கற மாதிரி இருக்கும்."

"நான் உன் கையைப் பிடிச்சுக்கறேன்," என்றாள் டார்லா. "சரின்னு சொல்லேன்."

நாடீன் சட்டையை மேசைமேல் வைத்துச் சுருக்கம் நீவினாள். முகம் உள்ளே போகும்படி மடித்தாள். பையில் போட்டு கிர்க் பக்கம் மெல்ல நகர்த்தினாள்.

"நல்லபடியா நடத்துங்க, கிர்க்," என்றாள். "நான் வரலை."